தொட்டி இருந்த இடம்

ஐம்பது வருஷம் மண்ணுக்கடியில் கிடந்த
கணப்பு எண்ணெய்த் தொட்டியை
போன அக்டோபரில் தோண்டி எடுத்தார்கள்.
தெருவே வந்து வேடிக்கை பார்த்தது
செத்த திமிங்கிலம் கரை ஒதுங்கினாற்போல.
இப்போது சமையலறை ஜன்னலுக்குக் கீழே
புதுமண் கொட்டிய ஒரு கட்டம்,
ஆறடிக்கு நாலடி.
"கல்லறை மாதிரி இருக்கிறது லொரேன்,
எதையாவது நடு" என்கிறார் ஓர்வில்.

எதையாவது என்றொரு செடி இல்லை.

போர்ட்லாந்தின் பிப்ரவரி மழை
பெய்யவும் செய்யாது, விடவும் செய்யாது.
பெட்ராவின் நாற்றுப் பண்ணையில்
நனைந்தபடி நின்றோம்,
'இம்மண்ணுக்கே உரியவை' என்று
பலகை வைத்த வரிசையில்.
எல்லாம் குச்சி.
ஒரு குச்சிக்கும் அடுத்த குச்சிக்கும்
வித்தியாசம் அட்டையில் மட்டும்.
கல்யாணமும் இப்படித்தானே என்றேன்.
ஓர்வில் காதில் விழாததுபோல்
தள்ளுவண்டியை நகர்த்தினார்.

முதலில் செங்கொத்து.
மார்ச் பிறந்ததும் பூத்துவிடும்,
இலைகூட முழுசாக விரிந்திருக்காது,
சட்டைப் பொத்தான் போடாமல்
வாசலுக்கு ஓடிவரும் பிள்ளை.
மெக்சிகோவிலிருந்து கிளம்பும் ரீங்காரச் சிட்டு
இதன் பூவைக் கணக்கு வைத்துத்தான்
வந்து சேர்கிறது என்றாள் பெட்ரா.
அத்தனை தூரம் பறந்து வருவதற்கு
என் ஜன்னலில் ஒரு வாய் தேன்.
ஆசையாகத்தான் இருந்தது.

அடுத்தது பொய்யாரஞ்சு.
பேரிலேயே புளுகு, பழமே கிடையாது.
ஜூனில் வெள்ளை வெள்ளையாய்.
"ஆனால் அந்த வாசனை இருக்கே..."
பெட்ரா கண்ணை மூடிக்கொண்டாள்.
மழைத்துளி ஒன்று இமைமேல் விழுந்தும் திறக்கவில்லை.
"ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்,
வீட்டுக்குள் வேறெதுவும் வேண்டாம்."
ஓர்வில் அவசரமாக இருமினார்.

என் மூக்கு செத்து இரண்டு வருஷம்.
ஒரு காய்ச்சல் வந்தது,
போகும்போது சுருட்டிக்கொண்டு போனது:
காபி, ஈரத் தார்ச்சாலை,
ஓர்வில் கழுத்து,
அடுப்பில் கருகும் ரொட்டி.
தொட்டி கசிந்ததுகூட எனக்குத் தெரியாது.
அதன் தலைமேல் நின்று
மாதக்கணக்கில் பாத்திரம் கழுவினேன்.
நாய்தான் கண்டுபிடித்தது.

மூன்றாவதை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.
கடல்நுரை என்று பெயர்.
ஜூலையில் நுரைத்துத் தள்ளும்,
காய்ந்தபின் உதிராது,
குளிர்காலம் முழுக்கப் பழுப்பாய்த் தொங்கும்.
"செத்துவிட்டதென்று வெட்டிவிடுகிறார்கள்"
பெட்ராவின் குரலில்
யாருக்காகவோ கேட்கும் மன்னிப்பு.

ராத்திரி மின்கட்டண உறையின் பின்புறம்
ஓர்வில் கட்டம் போட்டார்.
செங்கொத்துக்கு நேரே மூன்று டிக்.
நீ பார்க்கலாம், சிட்டு வரும், நிழல் தாங்கும்.
பொய்யாரஞ்சின் கட்டத்தில்
பேனா வைத்த புள்ளி மட்டும்.
அந்தப் புள்ளியைப் பார்த்ததும்
எனக்குக் கோபம் வந்தது.

"அதுதான் வேண்டும்" என்றேன்.
"உனக்கு..." என்று தொடங்கி
அவர் வாக்கியத்தை விழுங்கினார்.

எனக்கு என்ன?
பெட்ரா முகத்தில் இன்று பார்த்தேனே.
ஜூன் மாதம் தொட்டியடியில் நின்று
கை நிறைய சோப்பு நுரையோடு
வெளியே பார்ப்பேன்.
தபால்காரர் நடை தளரும்.
பக்கத்து வீட்டு முசுடு ஹால்வர்சன்
தன் வேலிக்கு வந்து காரணமில்லாமல் நிற்பார்.
நீங்கள் கார் கதவைச் சாத்த மறந்து
மூச்சை உள்ளே இழுப்பீர்கள்.
எனக்கு அது தெரியும்,
எந்த நிமிஷம் பூத்ததென்று உங்களுக்கு முன்பே.

செங்கொத்து எதிர்வீட்டில் இருக்கிறது.
சிட்டுக்கு வழி தெரியும்.
கடல்நுரையை நினைத்துத்தான்
தூக்கம் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை நட்டோம்.
முதல் வருஷம் பூக்காமலும் போகலாமாம்.
நாய் வந்து குச்சியைச் சுற்றி முகர்ந்தது,
பழைய எண்ணெயின் நினைவோ என்னவோ,
ஒருமுறை தும்மிவிட்டுப் போனது.
ஓர்வில் மண்ணை மிதித்து இறுக்கினார்.
பிறகு, நான் பார்க்கவில்லை என்று நினைத்து,
குனிந்து
அந்த வெறுங்குச்சியை முகர்ந்தார்.